ஆச்சி கேட்ட உளித்தடம்!

‘மெமரி ஃபுல்’ என்று என் போன் அழ ஆரம்பித்த நாளில் உள்ளே இருந்தது செல்ஃபி இல்லை, கல். ஒரே கோயிலின் கல். மொத்தம் 640 போட்டோ.

“பாதியையாவது டெலீட் பண்ணேன்டி” என்றாள் பக்கத்து சீட் தோழி.

“டெலீட் பண்ணா சாமி முகத்துல ஓட்டை விழுந்துரும்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஜர்னலிசம் டிப்ளோமா முடித்து இது மூன்றாவது வருடம். தங்கம் விலை, ரிசல்ட் லிங்க், மழையால் எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு... இதுதான் அன்றாடம். சொந்த ஊர் தூத்துக்குடி. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஏப்ரல் 18 உலக மரபு தினம் வந்தபோது, “உங்க மாவட்டத்துலேர்ந்து புதுசா ஏதாவது செய்யேன்” என்றார்கள். நானும் மீட்டிங்கில் வாயை விட்டுவிட்டேன்.

“கழுகுமலை வெட்டுவான் கோயிலை 3டி மாடலா பண்ணலாம் சார். வாசகர்கள் போன்லயே விரலால சுத்திச் சுத்திப் பார்க்கலாம்.”

அதுவரை 3டி மாடல் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு யூடியூப் வீடியோ. அவ்வளவுதான்.

தலை முடிந்து, கால் முடியாத கோயில்

கழுகுமலை எங்கள் மாவட்டம்தான். ஆனால், கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது வேறு உலகம். கோவில்பட்டியில் இறங்கி, சங்கரன்கோவில் பஸ் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். கரிசல் காட்டுக்கு நடுவே ஒற்றைப் பாறையாக மலை நிற்கும். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். மலைமேல் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்ப வரிசையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். அதே மலையில்தான் வெட்டுவான் கோயில்.

பாண்டியர் காலம், 8-ம் நூற்றாண்டு. கல்லைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை. மலைப்பாறையை மூன்று பக்கமும் அகழி மாதிரி சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் அப்படித்தான் பிறந்தது. அதனால் இதைத் ‘தென்னகத்தின் எல்லோரா’ என்று சொல்வார்கள்.

சாதாரணமாக ஒரு கோயில் வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும்? மேல்பக்கம் மொட்டையாக இருக்கும். மதுரை ராயகோபுரம் அப்படித்தான் நிற்கிறது. வெட்டுவான் கோயில் இதற்கு நேர் தலைகீழ். சிகரம் முடிந்துவிட்டது. விமானத்தில் உமையோடு சிவன், தெற்கே மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மன், மூலைக்கு மூலை நந்தி, வரிசை கட்டிச் சிரிக்கும் பூதகணங்கள் என்று எல்லாம் முடிந்துவிட்டன. கீழே வர வர வேலை குறைந்து, அடிப்பகுதி வெறும் கொத்திய பாறையாக நின்றுவிட்டது. கருவறைக்கென்று செதுக்கிய மூலவர் இல்லை. இப்போது உள்ளே இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தில் வந்தவர்.

ஏன் நின்றது? வரலாறு காரணம் சொல்லவில்லை. ஊர் சொல்கிறது. அப்பாவும் மகனும் சிற்பிகளாம். அப்பா கீழே கோயில் வேலை, மகன் மேலே. மகனின் வேலைதான் உசத்தி என்று ஊரெல்லாம் பேச, பொறாமை தாங்காத அப்பா, மகனைக் கொன்றுவிட்டாராம். அன்றோடு மேலே உளிச் சத்தம் நின்றது என்பார்கள்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தாத்தா. அவரும் கல் தச்சர்தான். அம்மி, ஆட்டுக்கல், கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுவது, சின்னக் கோயில்களுக்குப் பீடம் செய்வது என்று தூத்துக்குடி சுற்றுவட்டாரத்தில் அவர் கைபடாத தெரு குறைவு. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

640 படம் எதற்கு?

கண்ணை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பாருங்கள். எதிரே இருக்கும் டம்ளர் லேசாக இடம் மாறுவது தெரியும். இரண்டு கண்ணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருப்பதால் வரும் வித்தியாசம் அது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது.

போட்டோவிலிருந்து 3டி மாடல் செய்வதும் இதே கணக்குதான். ஒரு சிற்பத்தை ஒரு அடி தள்ளித் தள்ளிப் படமெடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தில் இருந்ததில் முக்கால் பங்காவது திரும்ப வர வேண்டும். சாஃப்ட்வேர் எல்லாப் படங்களிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைத் தேடும். இந்தப் பூதகணத்தின் பல், அந்த நந்தியின் காதோரக் கீறல் என்று பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும். பிறகு லட்சக்கணக்கான புள்ளிகளை வெளியில் நிறுத்தும். அந்தப் புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்து ஒரு தோல் போர்த்தும். கடைசியில் அந்தத் தோல்மேல் போட்டோவின் நிறத்தை ஒட்டும். நிஜ அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படமெடுக்க வேண்டும்.

ஏதோ நேற்று வந்த வித்தை என்று நினைத்திருந்தேன். இல்லை. 1858-ல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், வெட்ஸ்லார் நகரத்துத் தேவாலயத்தை அளக்க மேலே ஏறியவர், தவறி விழப் பார்த்தார். உயிர் பிழைத்ததும் அவருக்கு வந்த யோசனை: ஏறி அளப்பதற்குப் பதில் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவை அளந்தால் என்ன? 1885-ல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் தொடங்கிவிட்டார்.

அதே 1858-ல் நம் ஊரிலும் ஒருவர் கேமராவோடு கோயிலைச் சுற்றினார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை, நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் 19 அடி நீளம். கழுகுமலையில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுத்ததைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார்.

முதல் முறை ஃபெயில்

முதல் தடவை நான் போனது உச்சி வெயிலில். காவலரிடம் கேட்டுக்கொண்டு போனில் எடுத்தேன். ட்ரோன், ஸ்டாண்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. பாறைச் சூட்டில் செருப்பு இளகும் போலிருந்தது. எடுத்த படங்களோ அவ்வளவு பளிச்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஓடவிட்டால், தட்சிணாமூர்த்தியின் பாதி முகம் உருகின மெழுகுவத்தி. காரணம் பிறகுதான் புரிந்தது. வெயிலில் மூக்கின் நிழலும் கண்குழியின் நிழலும் கறுப்பாக விழுகின்றன. கறுப்பில் சாஃப்ட்வேருக்குப் பிடிக்க புள்ளி இல்லை. அதோடு நான் எடுத்து முடிப்பதற்குள் நிழலே நகர்ந்துவிட்டது. சாதாரணப் போட்டோவுக்கு நல்ல வெளிச்சம், இந்த வேலைக்கு எதிரி. மேகம் மூடிய, நிழல் விழாத, சப்பென்ற வெளிச்சம்தான் வேண்டும்.

மறுவாரம் கோடை மழைக்கு மேகம் கட்டிய ஒரு காலையில் ஓடினேன். இந்த முறை பொறுமையாக மேல் பாறையிலிருந்து சிகரத்தை ஒரு சுற்று, கீழே இறங்கி அகழிக்குள் ஒரு சுற்று, சிற்ப வரிசைக்கு நெருங்கி ஒரு சுற்று. எதையும் தொடவில்லை. அப்படித்தான் 640 ஆனது.

அன்று ராத்திரி லேப்டாப் ஒன்பது மணி நேரம் ஓடியது. “என்னட்டி, விடிய விடிய மிக்ஸி ஓடுது?” என்று ஆச்சி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

காலையில் திரையில் வெட்டுவான் கோயில். விரல் வைத்துச் சுற்றினால் சுற்றியது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

ஆனால், 38 லட்சம் முக்கோணங்கள் கொண்ட ஃபைலைத் திறக்கப் பல போன்கள் திணறும். வாசகரின் போனில் ஓட வேண்டுமானால் ஒன்றரை லட்சத்துக்குள் வர வேண்டும். சாஃப்ட்வேரில் அதற்குப் பட்டன் இருக்கிறது. குறை என்றால் குறைக்கும். கேமரா எட்டாத இடங்களில் ஓட்டைகள் இருந்தன. ஓட்டையை மூடு என்றால் மூடும். சொரசொரப்பை வழவழப்பாக்கு என்றால் ஆக்கும். மூன்று பட்டனையும் தட்டினேன். கோயில் வழுவழுவென்று, அழகாக, முழுசாக வந்து நின்றது. டெஸ்க்கில் எல்லோருக்கும் பிடித்தது. மறுநாள் பப்ளிஷ்.

“உளித்தடம் எங்கட்டி?”

வெளியிடுவதற்கு முன்னால் ஆச்சிக்குக் காட்டலாமே என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆச்சிக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால், ஐம்பது வருடம் கல் தச்சர் வீட்டில் குடும்பம் நடத்தியவள். மழுங்கிய உளிகளைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சி அடித்து வாங்கி வந்தவள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மேலே சிற்பங்களைப் பார்த்து, “என்ன ஒரு வேல பாத்தியா” என்றாள். அப்புறம் கீழ்ப்பக்கம் வந்ததும் முகம் சுருங்கியது.

“ஏட்டி, இங்ஙன வேல முடியலன்னு தாத்தா சொல்லுவாவள்லா?”

“ஆமா ஆச்சி.”

“முடியாத கல்லுன்னா பொளிஞ்ச தடம் இருக்கணும்லா? உளித்தடம் எங்கட்டி? மேல சிமென்ட்டு பூசிட்டாவளா?”

எனக்குச் சுருக்கென்றது.

பழைய, குறைக்காத ஃபைலைத் திறந்து பார்த்தேன். அடிப்பகுதியில் வரிவரியாக உளித்தடம் இருந்தது. 1,200 வருடமாகப் பாறையில் இருந்த தடம். சாஃப்ட்வேருக்கு அது ‘நாய்ஸ்’. தேவையில்லாத இரைச்சல் என்று துடைத்துவிட்டது. ஓட்டை விழுந்த இடங்களிலோ, சோப்புக் கட்டி மாதிரி ஒரு வளைவை அதுவாகக் கற்பனை செய்து ஒட்டியிருந்தது. மொத்தத்தில், பாதியில் நின்ற கோயிலை நான் ஒரே ராத்திரியில் முடித்துவைத்திருந்தேன். யார் கேட்டார்கள்?

நம் கோயில்களில் ஒரு காலத்தில் திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போனதோடு சிற்பங்களின் விரல் நகமும், கல்வெட்டின் கூர்மையும் சேர்ந்து போயின. எதிர்ப்பு கிளம்பி, பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது. அந்தச் செய்தியை எழுதியவர்களின் வரிசையில் வருகிற நான், ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து, ஒரு பட்டனில் அதையே செய்திருக்கிறேன். மலையில் உள்ள கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால், என் மாடலை மட்டும் பார்க்கிற ஒரு வாசகருக்கு, ஒரு மாணவருக்கு, வெட்டுவான் கோயில் என்றால் அந்த வழுவழுப்புதானே?

கல்வெட்டுப் படிக்கிறவர்கள் காலங்காலமாக மைப்படி எடுக்கிறார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். கல்லில் எழுத்து சிதைந்திருந்தால் படியிலும் சிதைந்துதான் வரும். அந்த இடத்தைத் தன் கையால் நிரப்பி எழுதுகிறவரை யாரும் நம்ப மாட்டார்கள். படிக்கும்போது ஊகம் சொல்லலாம். அதை ஊகம் என்று அடையாளமிட்டுத்தான் சொல்ல வேண்டும். 3டி மாடலும் ஒரு மைப்படிதான். அதே நாணயம் இதற்கும் வேண்டும். உலக அளவில் இதற்கென்று ‘லண்டன் சாசனம்’ என்று ஒன்று இருப்பதையும் அப்போதுதான் படித்தேன். 2006-ல் உருவாகி, 2009-ல் திருத்தப்பட்டது. எது கண்ணால் கண்டது, எது ஊகம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஆச்சி கேட்டதும் அதைத்தான்.

பப்ளிஷ் தள்ளிப்போனது. டெஸ்க்கில் கொஞ்சம் திட்டும் கிடைத்தது.

கொல்லைப்புறத்துக் கல்

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பிரச்னை ஓடிக்கொண்டிருந்தது. தம்பிக்குக் கல்யாணம் வருகிறது. பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்ட வேண்டும். கொல்லையில் செப்டிக் டேங்க் வரவேண்டிய இடத்தில் ஒரு கல் கிடக்கிறது. தாத்தா கடைசியாகத் தொட்ட கல்.

பக்கத்துத் தெரு அம்மன் கோயிலுக்கென்று சொல்லிவைத்த தாமரைப் பீடம் அது. எட்டு இதழ். ஐந்து இதழ் முடிந்தது. ஆறாவது பாதியில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் மெல்லிய கோடு மட்டும் போட்டிருக்கிறார். அதற்குள் இருமல் முற்றி, படுத்துவிட்டார். கல் தூசி வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் வருகிற நோய். கோயிலுக்கு அவசரம், வேறிடத்தில் பீடம் வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கல் கொல்லையிலேயே தங்கிவிட்டது. ஆச்சி அதன்மேல் வடகம் காயப்போடுவாள்.

“உடைச்சு அஸ்திவாரத்துல போட்ருவோம் அண்ணாச்சி” என்றார் கட்டட மேஸ்திரி. அப்பா சரி என்றுவிட்டார்.

நான் சும்மா இருக்க முடியாமல், பழகின கையோடு அந்தக் கல்லையும் 180 படம் எடுத்தேன். இந்தத் தடவை எந்தப் பட்டனையும் தட்டவில்லை. முழு மாடல்.

அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். திரையில் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. “நல்லதாப் போச்சும்மா. அதான் அப்படியே எடுத்தாச்சே. இனி கல்லு போனாலும் கவலை இல்ல பாரு” என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு இடித்தது. கல்லைக் காப்பாற்றத்தான் படமெடுத்தேன். அதுவே கல்லை உடைக்க அனுமதிச்சீட்டு ஆகிவிட்டதே!

உலகத்தில் பெரிய பெரிய இடங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாளர் லேசர் கருவியால் அணு அணுவாக அளந்து வைத்திருந்தார். அவர் 2018-ல் இறந்துபோனார். 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயம் தீப்பிடித்தது. அவரது அளவுகள் பிறகு கைகொடுத்தன. ஆனால், அதை வைத்து அச்சுப்போல ஒன்றை மெஷினில் வார்த்துவிடவில்லை. கூரைக்கான ஓக் மர உத்தரங்களைத் தச்சர்கள் பழைய முறையில் கோடாரியால் கையாலேயே செதுக்கினார்கள். மரத்தில் கோடாரித் தடம் தெரிய வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது. அளவு இருந்தது, வேலை தெரிந்த கையும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் நடந்தது.

எங்கள் கடற்கரைக்கு இழப்பு புதிதில்லை. திருச்செந்தூர் கோயில் பழைய காலத்தில் அந்தக் கரையிலேயே கிடைக்கும் மணற்பாறையால் ஆனது. கடல் காற்றில் வரும் உப்பு கல்லின் துளைக்குள் இறங்கும். வெயிலில் காய்ந்து படிகமாக உப்பும். உள்ளிருந்தே கல்லைப் பொடியாக்கித் தள்ளும். அப்படிக் கரைந்துபோனதால்தான், மௌன சுவாமி 1868-ல் தொடங்கிய திருப்பணி துறவிகள் கைமாறி நடந்து, 1941-ல் குடமுழுக்கு கண்டது. கரைந்த அந்தச் சிற்பங்களுக்கு மைப்படியும் இல்லை, மாடலும் இல்லை. அவ்வளவு ஏன், தூத்துக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ‘முத்துநகர்’ எக்ஸ்பிரஸில் ஏறி இறங்குகிற எனக்குத் தெரிந்த முத்துக்குளிப்பு எல்லாம் கறுப்பு வெள்ளை போட்டோதான். போட்டோ இருப்பதில் சந்தோஷம். அதற்காக, போட்டோ இருக்கிறதே என்று யாரும் கடலை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

சாய்ந்த கோடுகள்

அன்று ராத்திரி தாத்தாவின் கல்லைத் திரையில் நிறம் நீக்கிப் பார்த்தேன். போட்டோவின் நிறத்தை எடுத்துவிட்டால் மாடல் வெறும் சாம்பல் களிமண் மாதிரி தெரியும். விளக்கு வெளிச்சத்தை நாம் விரும்புகிற பக்கத்திலிருந்து அடிக்கலாம். சாய்வாக வெளிச்சம் அடித்தால் நேரில் கண்ணுக்குப் படாத பள்ளம்கூட எழுந்து நிற்கும்.

ஆறாவது இதழில் உளிக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதை அப்பாவிடம் காட்டினேன். “ஏன்ப்பா எல்லாம் இந்தப் பக்கமே சாஞ்சிருக்கு?”

அப்பா திரையை உற்றுப் பார்த்தார். வலது கையில் பேனாவை உளி மாதிரி பிடித்துப் பார்த்தார். இடது கைக்கு மாற்றினார்.

“எங்கய்யாவுக்கு இடக்கைப் பழக்கம்லா” என்றார். குரல் மாறிவிட்டது. “சுத்தியல அந்தக் கையிலதான் புடிப்பாவ.”

எனக்குத் தெரியாது. நான் பார்த்த தாத்தா படுக்கையில் இருந்தவர்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார். பதினாலு வயதில் உளியைக் கையில் எடுத்தாராம். தாத்தா பிடுங்கித் தூர வீசிவிட்டாராம். “இந்தத் தூசி என்னோட போகட்டும், நீ பள்ளிக்கூடம் போ” என்று அடித்து விரட்டினாராம். “எனக்கு வேல வராதுன்னு நெனச்சு வெரட்டுறாவன்னு ரொம்ப நாளு கோவம் எனக்கு. கடைசியில ஆஸ்பத்திரியில மூச்சுக்கு அலையும்போதுதான் புரிஞ்சுது.”

கழுகுமலைக் கதையில் மகனின் உளியை ஓர் அப்பா பொறாமையில் நிறுத்தினார். எங்கள் வீட்டில் பிரியத்தில் நிறுத்தியிருக்கிறார். இரண்டு இடத்திலும் கல் பாதியில் நிற்கிறது.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தபோது அப்பாவே சொன்னார். “அந்தக் கல்ல ஒடைக்க வேண்டாம். நாலு ஆள வச்சு முன்பக்கம் நகட்டிருங்க. கூலிய நான் தாரேன்.” இப்போது அது வாசல் வேப்பமரத்தடியில் இருக்கிறது. வடகம் அங்கேதான் காய்கிறது. இதழ் முடியாத பக்கம் தெருவைப் பார்த்து இருக்கட்டும் என்றது ஆச்சி.

கடைசியில் வெளியானது

வெட்டுவான் கோயில் மாடல் மரபு தினம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எங்கள் தளத்தில் ஏறியது. போனில் திறக்க ஒரு லேசான மாடல், கம்ப்யூட்டரில் திறக்க ஒரு முழு மாடல் என்று இரண்டு. லேசான மாடலில் சிற்பங்கள் இல்லாத வெற்றுப் பாறையை மட்டும் குறைத்தேன். அடிப்பகுதியின் உளித்தடத்தை அப்படியே விட்டேன். என் கேமரா எட்டாத இடங்களை மூடவில்லை. அவை ஓட்டையாகவே இருக்கின்றன. எந்த நாளில், எத்தனை படம், எந்தப் போனில், என்னென்ன விடுபட்டது என்று கீழே நான்கு வரி.

“என்னங்க, கோயில்ல அங்கங்க ஓட்டையா இருக்கு?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். “அங்கே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை சார். கழுகுமலைக்குப் போனால் நீங்கள் பார்க்கலாம்” என்று பதில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அவர் குடும்பத்தோடு கோயில் முன் நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார்.

கல் முடியாத இடத்தில் எந்த உளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எத்தனை கைகள் வேலை பார்த்தன என்றெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அது படித்தவர்கள் வேலை. அவர்கள் பார்க்க வரும் நாளில் தடம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கும். பழைய மண்டபத் தூண், சத்திரத்துத் திண்ணை, கல்லறைச் சிலுவை, ஊர்க் கிணற்றுமேட்டுக் கல்வெட்டு. போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. மேகம் மூடிய ஒரு நாளில், அனுமதி கேட்டுக்கொண்டு, தொடாமல், அடிக்கு ஒரு படமாகச் சுற்றி எடுத்து வையுங்கள். தேதியும் இடமும் எழுதி வையுங்கள். ‘வழவழப்பாக்கு’ என்று ஒரு பட்டன் வரும். அதை மட்டும் தட்ட வேண்டாம்.

ஆச்சிக்குப் புது மாடலைக் காட்டினேன். அடிப்பகுதியில் திரைமேலேயே விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“இப்பதான் கல்லு மாதிரி இருக்கு” என்றாள்.